முதியோர் இல்லத்தின் வாசலில் கேட்க வேண்டியது

வயது முதிர்ந்த தாய் தந்தையரை இல்லம் ஒன்றில் சேர்ப்பது தர்மமா, அதர்மமா என்னும் தர்க்கம் நம் வீடுகளில் ஓய்ந்தபாடில்லை. தர்க்கம் நடக்கும்போதே காரியமும் நடந்துவிடுகிறது. 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி பாரத தேசத்தில் 60 வயது நிறைந்தவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10 பேருக்கு மேல். பிள்ளைகளோ உத்தியோகத்தின் பொருட்டு எங்கெங்கோ இருக்கிறார்கள். ஆதலின், நல்ல இல்லம் எது என்று அறிந்துகொள்வதே இப்போது நமக்குப் பயன் தருவதாகும்.

இவ்வேற்பாடு புதிதன்று. 1839-இல் பிரெஞ்சு தேசத்தில் ஜான் ஜுகான் என்னும் ஏழைப் பெண்மணி, கண்ணிழந்த கிழவி ஒருத்தியைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து, தம் படுக்கையையே அவளுக்கு அளித்தார். அவர் தோற்றுவித்த சகோதரிகளின் சங்கம் 1882-இல் கல்கத்தாவுக்கும் வந்தது. சென்னையில் 1978-இல் ஆதரவற்ற முதிய பெண்களுக்காக 'விச்ராந்தி' தோன்றியது.

ஆயினும், இல்லங்கள் யாவும் ஒரு தரத்தன அல்ல. தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்வோரை மட்டும் ஏற்பவை பல. நடை தளர்ந்து, நினைவும் தவறியபின் வேண்டுவது வேறு விதமான பணிவிடை. படுத்த படுக்கையாயிருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் கண்டுவிடும். விழுங்கும் சக்தி குறைந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்து மெதுவாக ஊட்டவேண்டும். அன்றேல் ஆகாரம் மூச்சுக் குழலுக்குள் போய்விடக் கூடும். மறதி நோயுற்றவர் நள்ளிரவில் எழுந்து நடப்பார். உடன் விழித்திருக்க ஆள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பழகிய கைகள் வேண்டும். போதிய கைகளும் வேண்டும்.

ஆகவே வாசலில் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி இது: "இவர் நாளை எழுந்திருக்க முடியாமற் போனால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா?" விடையை எழுத்தில் பெறுவது உத்தமம். இரவில் எத்தனை பேர் பணியிலிருக்கிறார்கள், வைத்தியர் எப்போது வருவார், முன்னறிவிப்பின்றி நாம் வந்து பார்க்கலாமா, பென்ஷன் பணம் யார் கையில் இருக்கும் என்பவற்றையும் கேட்கவேண்டும்.

கேட்பாரற்ற இடத்தில் என்ன நேரும் என்பதை 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் கண்டோம். மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த தனியார் காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பற்றியது. ஓட வழியின்றி 28 உயிர்கள் மாண்டன. அவர்களுக்கும் குடும்பங்கள் இருந்தன.

2007-ஆம் வருஷத்துச் சட்டம், ஜில்லாவுக்கு ஓர் இல்லமேனும், குறைந்தது 150 ஏழை முதியோருக்கு இடமளிக்கத்தக்கதாக, சர்க்கார் அமைப்பதற்கு வகை செய்துள்ளது. முதியோரை அடியோடு கைவிடும் எண்ணத்துடன் எங்கேனும் விட்டுச் செல்பவருக்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். எனினும், மாதப் பணத்தைத் தவறாது அனுப்பிவிட்டு முகம் காட்டாதிருப்பவரைச் சட்டம் தேடி வராது. அந்தக் காவலை நாமே ஏற்கவேண்டும்.

இன்னுமொன்று. இல்லத்தைப் பார்க்கப் போகும்போது அங்கே வாழப்போகிறவரையும் உடன் அழைத்துச் செல்வோம். ஒரு வேளை அங்கே உண்டு, அங்குள்ளவர்களோடு பேசிப் பார்க்கட்டும். பிறகு அவர் "வேண்டாம்" என்றால், அச்சொல்லுக்கு இடம் கொடுத்து வேறு வழி தேடுவோம்.