மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் வாழ்க்கை

ஒரகடம் வட்டாரத்தில் உழவும் நெசவும் செய்துவந்த குடும்பங்களிலிருந்து இன்று பலர் மோட்டார் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். தொழில் எதுவாயினும் உழைப்பாளிக்கு உடலே முதல் மூலதனம். சிறுநீரகங்கள் செயலிழந்த அங்கத்தினர் ஒருவர் மாற்றுச் சிறுநீரகம் பெற்று வீடு திரும்பினால், அவர் மீண்டும் உழைக்க இயலுமா என்னும் கேள்வி எழுவது இயல்பே. பெரும்பாலோர்க்கு இயலும் என்பதே விடை. ஆயினும் அதற்குச் சில நியமங்கள் உண்டு. அவற்றை இங்கு விளக்குவோம்.

1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே, ஓருருவ இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். நம் நாட்டில் 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை வெற்றி பெற்றது. ஓருருவ இரட்டையர் அல்லாதாரிடம், உடல் புதிய உறுப்பை அந்நியப் பொருளாகக் கருதி அழிக்க முற்படும். இதை அடக்கவே டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் முதலிய மருந்துகள் தரப்படுகின்றன.

மருந்தும் நேரமும்

இம்மருந்துகளைச் சிறுநீரகம் இயங்கும் காலம் முழுவதும் உட்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஆலையில் ஷிப்டு மாறினும் மருந்தின் நேரம் மாறலாகாது. இரவு ஷிப்டுக்குச் செல்பவர் மாத்திரையையும் உடன் கொண்டு செல்லட்டும். “உடம்பு தேறிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?” என்று நிறுத்துவோர் உறுப்பையே இழக்க நேரும். மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ உண்பது ஆபத்து. பம்பளிமாசுப் பழமும் மருந்தின் அளவைக் கூட்டக்கூடியதாகையால் விலக்கத்தக்கது.

உடல் புதிய உறுப்பை மறுக்கத் தொடங்கினும் பல வேளைகளில் வெளியே ஓர் அறிகுறியும் தோன்றாது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு உயர்வதே அதைக் காட்டும். ஆகையால், நலமாயிருக்கும்போதும் குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், சிறுநீர் குறைதல், கால் வீக்கம், திடீர் எடைக் கூடுதல் ஆகியவை காணின் அன்றே மருத்துவரை நாடுக.

தொழிலுக்குத் திரும்புதல்

பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் அகற்றுவதில்லை; புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் பொருத்துகின்றனர். அஃது உடலின் முன்புறத்தில் இருப்பதால் அடிபடாமல் காத்தல் அவசியம். தறியில் அமரும் நெசவாளர், துணி சுருளும் கட்டை அடிவயிற்றில் அழுந்தாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மாதங்கள் பாரம் தூக்கலாகாது. பலர் இரண்டு மூன்று மாதங்களில் இலேசான வேலைக்குத் திரும்புகின்றனர்.

மருந்து உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் தொற்று எளிதில் பற்றும். உழவர் வெறுங்காலுடன் சேற்றில் இறங்குவதையும், வெறுங்கையால் எருவைக் கையாள்வதையும் தவிர்க்க வேண்டும். காய்ச்சி ஆற்றிய நீரும், நன்கு வெந்த உணவும் கொள்க.

கடனும் தரகரும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை அடங்கியுள்ளது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனை ஆகியவற்றில் இது நடைபெறுகிறது.

1994ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். எனினும் 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளரைத் தரகர்கள் அணுகிச் சிறுநீரகம் விற்கச் செய்ததாகப் புகார் எழுந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வு கூறுவது யாது? விற்ற பின் அவர்தம் குடும்ப வருமானம் சராசரி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கடன் தீர்க்க விற்றவருள் நால்வரில் மூவருக்குக் கடன் தீரவேயில்லை. உறுப்பும் போயிற்று, கடனும் நின்றது.

அங்கத்தினர் தரகரை நாடாதிருக்கத் தக்க சமயத்தில் கடனுதவி அளிப்பதும், சிகிச்சை பெற்று வருபவருக்குப் பாவு சுற்றுதல், கணக்கு எழுதுதல் போன்ற இலேசான வேலை கொடுப்பதும் சங்கங்களின் கடமையாகும். மரணத்துக்குப் பின் உறுப்புத் தானம் செய்வோர்க்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெறும் என்று தமிழக அரசு 2023இல் அறிவித்தது. ஒருவர்க்கொருவர் உதவுதலே கூட்டுறவு. அவ்வுதவி நம் காலத்துக்குப் பின்னும் தொடரலாம் என்பதை அங்கத்தினர் யாவரும் சிந்திப்பாராக.