முதல் நாள் ஆலோசனையில் என்ன நடக்கும்?

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு முதல்முறை போகிறவர்கள் பலரும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டேதான் உள்ளே நுழைகிறார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? உள்ளே நடப்பதோ மிகச் சாதாரணம்: ஓபி சீட்டு, காத்திருப்பு, பிறகு பேச்சு.

முதல் சந்திப்பில் கேள்விகள்தான் அதிகம். தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, வீட்டில் யார் யார், ஏற்கெனவே என்னென்ன மாத்திரைகள், குடிப்பழக்கம் உண்டா?

மனச்சோர்வை அளக்கச் சில இடங்களில் ‘பிஎச்கியூ-9’ என்ற படிவமும் தருவார்கள். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. படிவத்தை நிரப்பும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் சரியான உதவி கிடைக்கும்.

சொன்னது ஊருக்குத் தெரிந்துவிடுமோ? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், விவரங்களை ரகசியமாக வைத்திருக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களே விதிவிலக்கு.

ஒரே நாளில் பாரம் இறங்கிவிடாது. என்ன மாற வேண்டும் என்று ஆலோசகரும் வந்தவரும் பேசி முடிவு செய்து, அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு நாள் குறிப்பார்கள். மருந்து தேவைப்பட்டால் எழுதித் தருவது மனநல மருத்துவர், ஆலோசகர் அல்ல. ஆலோசகரோடு ஒத்துப்போகவில்லையா? வேறொருவரைப் பார்க்க முடியுமா என்று தாராளமாகக் கேட்கலாம்.

நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை இது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.