'பார்ட் 2' ஜெயிக்க என்ன வேண்டும்? 'இந்தியன் 2' முதல் 'த்ரிஷ்யம் 2' வரை ஒரு ரவுண்ட்-அப்!

சென்னை, கோவை, பெங்களூரு என எந்த ஊருக்குப் போனாலும் 'ஆம்பூர் பிரியாணி' என்ற போர்டு கண்ணில் படும். எங்கள் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள் அதைப் பார்த்தால் ஒரு நிமிடம் நிற்போம். ஊர்ப் பாசம்! ஆனால், முதல் வாய் வைத்ததுமே விஷயம் தெரிந்துவிடும். சீரகச் சம்பா அரிசிதானா, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் இருக்கிறதா, மசாலா தூக்கலாக இல்லாமல் கறியின் வாசம் வருகிறதா என்று நாக்கே கணக்குப் பார்த்துவிடும். போர்டில் ஆம்பூர் இருக்கிறது. தட்டில் இருக்கிறதா?

சினிமாத் தலைப்புக்குப் பின்னால் வரும் '2' என்ற எண்ணும் அப்படி ஒரு போர்டுதான். முதல் பாகத்தின் ருசியை நம்பித்தான் டிக்கெட் எடுக்கிறோம். 2024-ல் மட்டும் 'அரண்மனை 4', 'இந்தியன் 2', 'டிமான்ட்டி காலனி 2', 'சூது கவ்வும் 2', 'விடுதலை 2' என்று தமிழில் வரிசையாகத் தொடர் பாகங்கள் வந்தன. சில படங்களை மக்கள் கொண்டாடினார்கள். சிலவற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். எல்லாமே பழைய ஹிட்டின் பெயரில் வந்தவைதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

அப்பாவும் சேனாபதியும்

என் அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் லீவு. 1996 மே மாதம் 'இந்தியன்' வந்தபோது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நண்பர்களோடு போய் மூன்று முறை பார்த்தாராம். எனக்கு அந்தப் படம் டி.வி-யில்தான் அறிமுகம். 2024 ஜூலையில் 'இந்தியன் 2' வந்ததும், இந்த முறை நான் அவரை வேலூருக்கு அழைத்துப் போனேன்.

படம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது ஆம்பூர் தாண்டும் வரை அப்பா பேசவே இல்லை. ''எப்படிப்பா இருந்துச்சு?'' என்று நானே கேட்டேன்.

''தாத்தா அதே தாத்தாதாம்மா. ஆனா, இந்த வாட்டி அவரு எதையும் இழக்கலியே.''

அன்றைக்கு வந்த எத்தனையோ விமர்சனங்களைப் படித்தேன். அப்பா சொன்னதைவிடச் சரியாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

யோசித்துப் பாருங்கள். முதல் 'இந்தியன்' படத்தில் லஞ்சம் கொடுக்க மறுத்ததால், தீக்காயம் பட்ட மகளைப் பறிகொடுக்கிறார் சேனாபதி. பிறகு, லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓட்டை பஸ்ஸுக்குச் சான்றிதழ் கொடுத்து, பள்ளிக் குழந்தைகள் சாகக் காரணமான மகனை, பெற்ற கையாலேயே கொல்கிறார். கொள்கைக்கான விலையை அவரே கட்டுகிறார். அதனால்தான் அந்தக் கொலைகாரத் தாத்தாவைப் பார்த்துத் தியேட்டரே அழுதது. கமல்ஹாசனுக்கு அந்தப் படம் தேசிய விருதும் வாங்கித் தந்தது.

இரண்டாம் பாகத்தில் சேனாபதி தைவானிலிருந்து திரும்பி வருகிறார். அவரவர் வீட்டிலிருந்தே சுத்தம் செய்யத் தொடங்குங்கள் என்கிறார். அதைக் கேட்டு, லஞ்சம் வாங்கும் அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறான் ஓர் இளைஞன். அவன் அம்மா இறந்துபோகிறார். இங்கே விலையைக் கட்டுவது வேறு யாரோ. வர்மக்கலை இருக்கிறது, மேக்கப் இருக்கிறது, ஷங்கரும் இருக்கிறார். ஆனால், வசனம் எழுதிய சுஜாதா இல்லை. இசையும் ஏ.ஆர்.ரஹ்மானிடமிருந்து அனிருத்துக்கு மாறியிருந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சேனாபதி இழப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லாமல் போனதுதான் பெரிய குறை. போதாததற்கு, மூன்றாம் பாகத்துக்கான டிரெய்லரைக் கடைசியில் காட்டியதால், பார்த்த மூன்று மணி நேரமும் இன்னொரு படத்துக்கான முன்கதைபோல ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1996 படமே இரண்டாம் பாகத்துக்குக் கதவைத் திறந்து வைத்துத்தான் முடிந்தது. வெளிநாட்டிலிருந்து சேனாபதி போன் பேசுவாரே, நினைவிருக்கிறதா? ஆள் உயிரோடு இருக்கிறார் என்பது ஒன்று. அவரிடம் சொல்வதற்குக் கதை மிச்சம் இருக்கிறது என்பது வேறொன்று.

மூடிய அறையை ஏன் திறக்கணும்?

'சந்திரமுகி'யை எடுத்துக்கொள்வோம். 2005 ஏப்ரல் 14-ல் வந்து, சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாள்களுக்கும் மேல் ஓடிய படம். அதன் பலமே, கடைசியில் பேய் இல்லை என்று தெரிவதுதான். கங்காவுக்கு வந்திருப்பது மனநோய். அதைக் கண்டுபிடித்துக் குணப்படுத்துகிறார் டாக்டர் சரவணன். கங்கா குணமானதும் கதை சுத்தமாக முடிந்துவிட்டது.

2023 செப்டம்பரில் வந்த 'சந்திரமுகி 2'-ல் அதே இயக்குநர் பி.வாசு, அதே அரண்மனை, அதே வடிவேலு. ஆனால், இந்த முறை நிஜமாகவே ஆவி வந்துவிட்டது. எந்த விஷயம் முதல் படத்தை மற்ற பேய்ப் படங்களிலிருந்து தனித்துக் காட்டியதோ, அதையே இரண்டாம் பாகம் கைவிட்டுவிட்டது. பேய்ப் படங்களின் நீண்ட வரிசையில் அதுவும் ஒன்றாக நின்றது.

'சாமி' கதை இன்னும் சோகம். 2003-ல் ஆறுச்சாமியும் புவனாவும் திருநெல்வேலியில் அடித்த லூட்டிக்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் உண்டு. 15 வருடம் கழித்து வந்த 'சாமி ஸ்கொயர்' படத்தில் த்ரிஷாவுக்குப் பதில் ஐஸ்வர்யா ராஜேஷ் புவனாவாக வந்தார். அது மட்டுமல்ல, நாம் ரசித்த அந்த ஜோடியையே கொன்றுவிட்டு, மகனின் கதையைச் சொன்னார்கள். பிடித்த சொந்தக்காரர் வீட்டுக்கு ஆசையாகப் போனால், சுவரில் மாலை போட்ட போட்டோ இருந்த மாதிரி ஆகிவிட்டது!

இது இன்றைய பிரச்னை மட்டுமல்ல. 1979-ல் ஹிட்டான 'கல்யாணராமன்' படத்துக்கு 1985-லேயே 'ஜப்பானில் கல்யாணராமன்' என்று தொடர்ச்சி எடுத்தார்கள். தமிழின் ஆரம்பகாலத் தொடர் பாகங்களில் அதுவும் ஒன்று. ஜப்பான் வரை போய் எடுத்தும், இன்றைக்கும் மனசில் நிற்பது பல் நீண்ட அந்த முதல் கல்யாணம்தான்.

மிச்சம் இருந்த கேள்வி

சரி, எந்த இரண்டாம் பாகமும் முதல் பாகத்தை எட்டாதா? எட்டும். அதற்கு மலையாள 'த்ரிஷ்யம் 2' நல்ல சாட்சி.

2013-ல் வந்த 'த்ரிஷ்யம்' நமக்கு 'பாபநாசம்' வழியாக நன்றாகத் தெரியும். குடும்பத்தைக் காப்பாற்றப் பிணத்தைப் புதிய போலீஸ் ஸ்டேஷனுக்கு அடியிலேயே புதைத்துவிடுகிறார் ஹீரோ. போலீஸ் தோற்றது, குடும்பம் தப்பித்தது. ஆனால், படம் பார்த்த ஒவ்வொருவர் மனசிலும் ஒரு கேள்வி இருந்தது: இவர்களால் இனி நிம்மதியாகத் தூங்க முடியுமா?

2021 பிப்ரவரியில் நேரடியாக ஓ.டி.டி-யில் வந்த இரண்டாம் பாகத்தை, இயக்குநர் ஜீத்து ஜோசப் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினார். வருடங்கள் ஓடிவிட்டன, வசதி வந்துவிட்டது. ஆனால், போலீஸ் ஜீப் சத்தம் கேட்டாலே மூத்த மகள் நடுங்குகிறாள். ஊர் கண்டபடி பேசுகிறது. முதல் பாகத்தில் செய்ததற்கான விலையை இரண்டாம் பாகத்தில் அதே குடும்பம் கட்டுகிறது. அப்பா சொன்ன விஷயம் இங்கே சரியாகப் பொருந்துகிறது அல்லவா? படம் தெலுங்கு, கன்னடம், இந்தி என்று போய்விட்டது. தமிழில் சுயம்புலிங்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

உலக சினிமாவில் அடிக்கடி சொல்லப்படும் உதாரணமும் இதே வகைதான். 1974-ல் வந்த 'தி காட்ஃபாதர் பார்ட் 2', சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் தொடர் பாகம். முதல் படத்தில் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்த மகன், அதற்காக என்னவெல்லாம் இழக்கிறான் என்பதுதான் அதன் கதை.

நம்ம ஊர் மசாலாவிலும் இது நடந்திருக்கிறது. 2010-ல் வந்த 'சிங்கம்' முடியும்போது துரைசிங்கத்துக்கு ஒரு ரகசிய வேலை கொடுக்கப்படும். 2013-ல் 'சிங்கம் 2' அங்கிருந்தே தொடங்கியது. தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி மாஸ்டராக அவர் நின்றபோது, இது ஏற்கெனவே போட்ட திட்டம் என்ற நம்பிக்கை நமக்கு வந்தது. 'கைதி 2'-வுக்கு ரசிகர்கள் காத்திருப்பதும் இதனால்தான். டில்லி யார், சிறைக்கு முன் என்ன செய்தான் என்று 2019 படம் முழுசாகச் சொல்லவில்லையே!

ஒரே கதை, இரண்டு டிக்கெட்

இன்னொரு வகை உண்டு. அது தொடர்ச்சியே அல்ல, ஒரே கதையை இரண்டாகப் பிரித்துச் சொல்வது. கல்கியின் ஐந்து பாக நாவலை மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு படங்களாகத் தந்தார். ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்து உருவான 'விடுதலை'யை வெற்றிமாறன் இரண்டாக விரித்தார். முதல் பாகம் போலீஸ்காரர் குமரேசனின் கண்ணில், இரண்டாவது பெருமாள் வாத்தியாரின் வாழ்க்கையில். கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார் என்ற ஒரே கேள்வியை வைத்து, 2015 முதல் 2017 வரை நாட்டையே காக்க வைத்தார் ராஜமெளலி.

இந்தப் படங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கேள்வி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. ஆபத்தும் உண்டு. பதில் கேள்வியைவிடச் சின்னதாக இருந்தால், இரண்டு டிக்கெட்டுக்கும் சேர்த்துக் கோபம் வரும்.

லாஸ்ட் ஒண்ணு, லெதர் வேற!

அப்படியென்றால் 'காஞ்சனா', 'அரண்மனை' எல்லாம் எப்படி ஓடுகின்றன? அதில் எந்தக் கேள்வி மிச்சம் இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, ''அதெல்லாம் லாஸ்ட் ஒண்ணுதான், லெதர்தான் வேற'' என்றார்.

ஷூ கம்பெனிகளில் 'லாஸ்ட்' என்றால் பாத வடிவ அச்சு. ஒரே அச்சில் கறுப்பு ஷூவும் வரும், பிரவுன் ஷூவும் வரும். 2007-ல் 'முனி'யில் ராகவா லாரன்ஸ் செய்த அச்சு இது: பேய்க்குப் பயப்படும் ஹீரோ, அலறும் அம்மா, நியாயம் கேட்கும் ஆவி. 2011-ல் 'காஞ்சனா'வில் அந்த ஆவி, சரத்குமார் நடித்த திருநங்கையாக வந்தபோது, அச்சு பழசானாலும் உள்ளே புதிதாக ஒரு வலி இருந்தது. அதனால் முதல் படத்தையே முந்தியது. சுந்தர்.சி-யின் 'அரண்மனை' வரிசையும் இப்படித்தான். இங்கே பழைய கதையைக் கெடுக்கும் பயமில்லை, ஏனென்றால் கதை ஒவ்வொரு முறையும் புதுசு. லெதரின் தரம் குறைந்தால் மட்டும் ரசிகர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

'விக்ரம்' இன்னொரு விதம். 1986-ல் வந்த படத்தின் ஏஜென்ட்டை 36 வருடம் கழித்து 2022-ல் லோகேஷ் கனகராஜ் கூட்டி வந்தார். தலைப்பில் '2' என்று போடவே இல்லை. பழைய படத்தைப் பார்க்காதவருக்கும் கதை புரிந்தது. பார்த்தவருக்குக் கூடுதலாக ஒரு புன்னகை. ஆளுக்கு வயதாகியிருந்தது, மகனையும் இழந்திருந்தார். மறுபடியும் அதே இழப்பு!

டிக்கெட் எடுக்கும் முன்...

தயாரிப்பாளர்கள் ஏன் '2'-ஐத் தேடிப் போகிறார்கள் என்பது புரியாத விஷயமல்ல. புதுப் பெயரை மக்கள் மனசில் பதிய வைக்கப் பெரிய செலவாகும். பழைய ஹிட்டின் பெயரை எல்லோருக்கும் தெரியும், முதல் நாள் கூட்டம் நிச்சயம். ஆனால், வாரம் ஒருநாள் லீவில் நாலு பேர் குடும்பத்தோடு பஸ் ஏறி, டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று செலவழிக்கிறவர், அந்தப் பழைய பெயரின் மேல் வைத்த நம்பிக்கையைத்தான் கவுன்ட்டரில் நீட்டுகிறார். இரண்டாம் பாகம் சொதப்பினால் நஷ்டம் அவருக்கும்தான்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, டி.வி-யில் பழைய 'இந்தியன்' போட்டார்கள். அப்பா சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தவர், மகனைக் கொல்லும் காட்சி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. தட்டில் கை காய்ந்துபோயிருந்தது. இரண்டாம் பாகத்தால் முதல் பாகத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை என்று அப்போது தோன்றியது.

ஆனால், அப்பா ஒரு விஷயத்தில் மாறிவிட்டார். இப்போதெல்லாம் எந்தப் படத்துக்கு 'பார்ட் 2' போஸ்டர் வந்தாலும், ஹீரோ யார், டைரக்டர் யார் என்று கேட்பதில்லை. நேராக என்னிடம் கேட்பது ஒன்றுதான்:

''இதுல சொல்றதுக்கு இன்னாமா மிச்சம் இருக்கு?''