மூலமும் படியும்

தமிழகத்தில் வழக்காராயும் முறை எத்துணைப் பழமையும் செம்மையும் உடையது என்பதற்குப் பெரியபுராணம் ஒரு சான்று தருகின்றது. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதியவர் ஒருவர் வந்தார்; மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்று கூறி ஓலையொன்றைக் காட்டினார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். முதியவர் கலங்கவில்லை. கிழிபட்டது படியோலை என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் திருவெண்ணெய்நல்லூர் அவையில் எடுத்துரைத்து, மூலத்தைக் காட்டினார். அவையினர் அதனையும் உடனே நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டு நோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். படி வேறு, மூலம் வேறு என்னும் தெளிவும், மூலத்தையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்னும் நெறியும் சேக்கிழார் காலத்திலேயே தமிழர்க்கு இருந்தன. இன்றைய சட்ட உலகிற்கும் இவ்விரண்டுமே அடிப்படையாகும்.

நீதிமன்றத்தில் வாதிடும் வழக்கறிஞர், சட்டத்தின் பிரிவுகளை எடுத்துக் காட்டுவதோடு அமைவதில்லை. முன்னர் இத்தகைய வழக்கொன்றில் மேல்நீதிமன்றம் எவ்வாறு தீர்ப்பளித்தது என்பதையும் எடுத்துக் கூறுகின்றார். உச்சநீதிமன்றம் வகுத்துரைக்கும் சட்டம் இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசியலமைப்பின் 141-ஆம் உறுப்பு கூறுகின்றது. ஆதலின் தில்லியில் எழுதப்பட்ட தீர்ப்பொன்று, திண்டுக்கல் நீதிமன்றத்தில் நிற்கும் ஓர் ஏழை உழவரின் வழக்கினையும் வெல்விக்கலாம், வீழ்த்தவும் செய்யலாம். அத்தீர்ப்பினைச் சுட்டும் குறிப்பே மேற்கோள் எனப்படும். மேற்கோள் பிழைபடின் நீதியும் பிழைபடும். எனவே, எந்த மேற்கோளையும் மூன்று வினாக்களால் சோதித்தறிதல் வேண்டும். அத்தீர்ப்பு உண்மையில் உள்ளதா? சொல்லப்பட்ட கருத்து அதனுள் இருக்கின்றதா? அது இன்றும் செல்லுபடியாகின்றதா? இவையே அம்மூன்று வினாக்கள்.

முதல் வினாவிற்கு விடை காணத் திண்டுக்கல்லுக்கே உரிய வழக்கொன்றை எடுத்துக்கொள்ளலாம். தோல் பதனிடுதல் திண்டுக்கல்லின் பெயர்பெற்ற தொழில்களுள் ஒன்று. அத்தொழிலின் கழிவுநீர் நிலத்தடி நீரிற் கலந்து கிணறுகளைக் கெடுத்தது. இக்கேட்டினைப் பற்றிய உச்சநீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்பு 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28-ஆம் நாள் வெளிவந்தது. அதனை வழக்கறிஞர்கள் '(1996) 5 எஸ்.சி.சி. 647' என்று குறிப்பர். முதலில் உள்ளது ஆண்டு, அடுத்தது அவ்வாண்டின் ஐந்தாம் தொகுதி, பின்னது 'சுப்ரீம் கோர்ட் கேசஸ்' என்னும் தீர்ப்புத் தொகுப்பின் சுருக்கம், இறுதியிலுள்ளது பக்கஎண். அதே தீர்ப்பு 'ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்' என்னும் மற்றொரு தொகுப்பில் 'ஏ.ஐ.ஆர். 1996 எஸ்.சி. 2715' என இடம்பெற்றுள்ளது. ஊர், தெரு, வீட்டெண் ஆகியவை ஒருவர் இல்லத்தைக் காட்டுவது போல, இவ்வெண்கள் தீர்ப்பின் இருப்பிடத்தைக் காட்டுகின்றன. அவ்விடத்திற்குச் சென்று பார்த்தால் தீர்ப்பு அங்கே இருத்தல் வேண்டும். இரு தொகுப்புகளிலும் ஒரே தீர்ப்பு கிடைப்பின் ஐயம் நீங்கும்.

ஆனால் அவ்வழக்கின் பெயர் 'வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் எதிர் இந்திய ஒன்றியம்' என்பதாகும். பெயரை மட்டும் காண்பவர், 'இது வேலூருக்குரியது; திண்டுக்கல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை' என்று கருதி விலகிவிடுவர். இங்குத்தான் இரண்டாவது வினா துணைசெய்கின்றது. தீர்ப்பைத் திறந்து முழுவதும் படிப்பவர்க்கு வேறு செய்தி புலனாகும். ஐந்து மாவட்டங்களிலுள்ள தோல் பதனிடும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்தது. அவற்றுள் ஒன்று திண்டுக்கல் அண்ணா மாவட்டம். திண்டுக்கல் மாவட்டம் அந்நாளில் அப்பெயரால் வழங்கப்பட்டது. மேலும், சுற்றுப்புறத்தைக் கெடுத்தவரே அதனைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு உறுதிசெய்தது. தலைப்போடு நின்றவர் இழப்பது எத்துணை என்பதை இதனால் உணரலாம்.

அத்தீர்ப்பினுள் திண்டுக்கல் வட்டாரத்துக் கிணறுகளைப் பற்றிய செய்தியும் உண்டு. தன்னார்வ அமைப்பொன்று 13 சிற்றூர்களில் ஆய்வு நடத்தியது. குடிக்கவும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 மாசடைந்திருப்பதாக அவ்வாய்வு கண்டது. இச்செய்தியை எடுத்தாளுபவர் ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. கிணறுகளை எண்ணியது நீதிமன்றம் அன்று. ஆய்வு நடத்திய அமைப்பே எண்ணியது. நீதிமன்றம் அதனைத் தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது. ஒரு தீர்ப்பினுள் வாதியின் கூற்றும், எதிர்வாதியின் கூற்றும், ஆய்வுகளின் முடிவும், இறுதியாக நீதிமன்றத்தின் முடிபும் அடுத்தடுத்து வருதல் இயல்பு. யார் கூற்று எது எனப் பிரித்தறியாது, தீர்ப்பிற் கண்ட ஒவ்வொரு வரியையும் நீதிமன்றத்தின் முடிபெனக் கொள்வது பெரும்பிழை. தீர்ப்பின் தலைப்பகுதியிலே தொகுப்பாசிரியர் எழுதிச் சேர்க்கும் சுருக்கமும் தீர்ப்பின் பகுதியாகாது.

படியெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளும் உள்ளன. அச்சிற்றூர்கள் இருக்கும் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றின் பெயர், இத்தீர்ப்பின் படிகள் சிலவற்றில் 'பெட்டியார் சத்திரம்' என்று காணப்படுகின்றது. திண்டுக்கல்லை அடுத்துள்ள ஒன்றியம் ரெட்டியார்சத்திரம் என்பதை அவ்வட்டாரத்தார் நன்கறிவர். ஆங்கில எழுத்தொன்று மாறியதால் ஊரின் பெயரே மாறிப்போயிற்று. இப்படியை மட்டும் நம்பித் தேடுபவர், இல்லாத ஊரைத் தேடி அலைய நேரும். தீர்ப்பைப் படிப்பவர்க்குச் சட்ட அறிவோடு ஊரறிவும் வேண்டும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இனி, மூன்றாவது வினா. தீர்ப்பு உண்மையானதே, சொல்லப்பட்ட கருத்தும் அதனுள் உள்ளது. எனினும் அது காலத்தால் மாறியிருக்கலாம். மருத்துவ, பொறியியற் கல்லூரிகளில் வகுப்புவாரியாக இடங்களைப் பங்கிட்ட சென்னை அரசின் ஆணை செல்லாது என்று, செண்பகம் துரைராசன் வழக்கில் உச்சநீதிமன்றம் 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டு ஜூன் 18-ஆம் நாள் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பிற்பட்ட வகுப்பினரின் முன்னேற்றத்திற்கெனச் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய அரசுக்குத் தடையில்லை என்னும் புதிய விதி அதனால் சேர்க்கப்பட்டது. இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் 70 நாட்களே! அத்தீர்ப்பை மட்டும் படித்துத் திருத்தத்தைப் படியாதவர் பாதிச் சட்டத்தையே அறிந்தவராவர்.

சட்டத்தின் பிரிவெண்களுக்கும் இது பொருந்தும். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுதற் குற்றத்திற்குரிய 420-ஆம் பிரிவு மக்கள் பேச்சிலும் கலந்துவிட்ட ஒன்று. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டுப் பாரதிய நியாய சம்ஹிதை என்னும் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அதில் ஏமாற்றுதல் 318-ஆம் பிரிவில் அமைந்துள்ளது. ஆயினும் பழைய எண் பயனற்றுப் போகவில்லை. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றத்திற்குப் பழைய சட்டமே பொருந்தும். எனவே எந்த நாளில் எந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

இவ்வாறு ஆராயும் வழக்கம் நெகிழ்ந்தால் விளைவு என்னவாகும்? அமெரிக்காவின் நியூயார்க்கு நகரில் 2023-ஆம் ஆண்டு நடந்த நிகழ்ச்சி இதற்கு விடை தருகின்றது. வழக்கறிஞர் ஒருவர் செயற்கை நுண்ணறிவுப் பொறியைக் கேட்டுப் பெற்ற தீர்ப்புகளைத் தம் மனுவில் எழுதினார். அவற்றுள் ஆறு, உலகில் எங்குமே இல்லாதவை. அவை பொறியின் கற்பனை. ஐயுற்ற அவர், இவை உண்மையா என்று அப்பொறியையே வினவினார், அதுவும் ஆமென்றது. பொய்யுரைத்த சாட்சியிடமே அவன் வாய்மைக்குச் சான்று கேட்டது போலாயிற்று. நீதிமன்றம் ஐயாயிரம் டாலர் தண்டம் விதித்தது. நம் நாட்டிலும், பெங்களூரில் உள்ள வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் அளித்த ஆணையொன்றில், இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக வந்திருந்தமையால் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

இக்காலத்தில் மூலத்தைக் காண்பது முன்போல அரிதன்று. உச்சநீதிமன்றம் தன் அதிகாரமுறைத் தீர்ப்புத் தொகுதிகளை 2023-ஆம் ஆண்டு முதல் இணையவழியே எவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்துள்ளது. எந்தப் பதிப்பகத்தையும் சாராத பொதுவான மேற்கோள் எண்ணும் அவ்வாண்டிலேயே ஒவ்வொரு தீர்ப்புக்கும் வழங்கப்படலாயிற்று. சட்டங்களும் திருத்தங்களும் அரசிதழில் வெளியாகின்றன. திண்டுக்கல் மாவட்டத்திற்குரிய உயர்நீதிமன்றக் கிளையும் 2004-ஆம் ஆண்டு முதல் மதுரையிலேயே இயங்குகின்றது. வாயில்கள் திறந்துள்ளன, உள்ளே சென்று பார்க்கும் பொறுமையே தேவை.

பிறர் சொல்லக் கேட்டதை மூலத்தில் கண்டு உறுதிசெய்தல் வழக்கறிஞர்க்கு மட்டும் உரிய கடமையன்று. நாளிதழ்ச் செய்தியைப் படிப்பவர்க்கும், மேடைப் பேச்சைக் கேட்பவர்க்கும், பள்ளியில் கட்டுரை எழுதும் மாணவர்க்கும் அது பொதுவானது. கெட்ட கிணற்றின் கரையில் குடத்துடன் நிற்கும் பெண்ணுக்கு உரிய நீதி, யாரோ ஒருவர் பொறுமையுடன் புரட்டிப் பார்க்கும் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கலாம். அப்பக்கத்தைத் தேடிக் கண்டு, அது கூறுவதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துரைப்பதே வாய்மைக்குச் செய்யும் தொண்டாகும்.