படமும் சாட்சி சொல்லும்

படக்கதைப் புத்தகத்துக்குப் புலிட்சர் பரிசா என்று வாசகர் ஒருவர் வியந்து கேட்டிருக்கிறார். உண்மைதான். ஆர்ட் ஸ்பீகல்மேனின் ‘மௌஸ்’ நூலுக்கு 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. போலந்து யூதரான அவருடைய தந்தை விளாதெக், ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்மீண்ட வரலாறு அது. ஹிட்லரின் யூதப் படுகொலை பற்றி எவ்வளவோ நூல்கள் வந்திருக்க, படம் போட்டுச் சொன்ன இந்த நூலுக்கு ஏன் இத்தனை மதிப்பு? எழுத்து தனியாகச் செய்யத் திணறும் ஒரு வேலையை இங்கே படம் செய்துவிடுகிறது என்பதே என் பதில்.

இரண்டாம் பாகத்தில் ஓர் இடம். கைதிகள் வேலைக்குப் போகும்போது முகாம் வாசலில் இசைக்குழு வாசித்ததற்கு ஏராளமான ஆவணங்கள் உண்டு. மகன் அதைப் பற்றிக் கேட்க, அப்படி எதுவும் நினைவில்லை, காவலர்கள் கத்தியதுதான் காதில் விழுந்தது என்கிறார் தந்தை. வரலாற்றாசிரியர் இங்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், அல்லது அடிக்குறிப்புப் போட வேண்டும். ஸ்பீகல்மேன் முதல் கட்டத்தில் இசைக்குழுவை வரைகிறார். அடுத்த கட்டத்தில், அணிவகுத்து நடக்கும் கைதிகள் அந்தக் குழுவை மறைத்துவிடுகிறார்கள். ஆனால் உற்றுப் பார்த்தால் தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனி மட்டும் தெரியும். ஆவணமும் அழியவில்லை, தந்தையின் சொல்லும் பொய்யாகவில்லை. நினைவு எதை எப்படி மறைக்கிறது என்பதும் கூடவே விளங்கிவிடுகிறது.

யூதர்களை எலியாகவும் ஜெர்மானியரைப் பூனையாகவும் போலந்துக்காரரைப் பன்றியாகவும் வரைவது நாஜிகளின் இனப்பிரிவினையையே வழிமொழிவதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நூலே அந்தப் பிரிவினையைக் குலைத்துக் காட்டுகிறது. போலந்துக்காரர் போல நடித்துத் தப்பிக்கும் விளாதெக் பன்றி முகமூடி அணிகிறார், முகமூடியின் கயிறும் நமக்குத் தெரிகிறது. அவருடன் நடக்கும் மனைவி ஆன்யாவைப் பார்த்தாலே யூதர் என்று கண்டுகொள்வார்கள். அவருக்கோ முகமூடிக்குப் பின்னால் எலிவால் நீண்டு தொங்குகிறது. அடையாளம் என்பது மற்றவர்கள் மாட்டிவிடுவது, அதைக் கழற்ற முடியாதவர் செத்துப்போகிறார் என்பதை ஒரு வால் சொல்லிவிடுகிறது.

இத்தனை நுட்பம் இருந்தும் படக்கதை என்றதும் இலேசான சரக்கு என்று ஒதுக்குவது நிற்கவில்லை. 1991-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இந்த நூலைப் புனைவுப் பட்டியலில் சேர்த்தது. ஸ்பீகல்மேன் கடிதம் எழுதிய பிறகே அபுனைவுக்கு மாற்றியது. 2022-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மாவட்டப் பள்ளி வாரியம், கெட்ட வார்த்தைகளையும் ஒரு நிர்வாணப் படத்தையும் காரணம் காட்டி, எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து நூலை நீக்கியது. பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம் என்று பெற்றோர் யோசிப்பதில் தவறில்லை. ஆனால் படுகொலையைச் சொல்லும் நூல் கூசாமல் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, அந்தக் கொடுமையையே மழுப்பச் சொல்வதாகும்.

புறக்கணிப்பில் வாசகர்களான நமக்கும் பங்கு உண்டு. பேச்சுக் குமிழிகளை மட்டும் படித்துவிட்டு, படங்களை ஓரக்கண்ணால் பார்த்துப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அடுத்த முறை இப்படியொரு நூல் கைக்குக் கிடைத்தால், ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தரம் படியுங்கள்: ஒருமுறை சொற்களுக்காக, ஒருமுறை படங்களுக்காக.