முதியோர் பராமரிப்பு இல்லத்தில் மருந்து கொடுக்கும் விதிகள்

தமக்குரிய மருந்தைத் தாமே எடுத்துண்ணும் வலிமை ஒருவருக்கு இல்லாது போய், பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் நிலை வந்துவிடுமாயின், அந்தக் கை எத்தகையது என்பதே அவருடைய உயிருக்கும் மானத்துக்கும் ஆதாரமாகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் அந்தக் கையை நெறிப்படுத்துவதற்கென வகுக்கப்பட்ட விதிகள் சிலவற்றை இன்று உங்களுக்கு எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

1965 ஆம் ஆண்டில் அந்நாட்டில் மெடிக்கெயார், மெடிக்கெயிட் என்னும் இரு மருத்துவ உதவித் திட்டங்கள் சட்டமாயின. அவற்றின் வழியே அரசாங்கப் பணம் பராமரிப்பு இல்லங்களுக்குச் செல்லலாயிற்று. ஆயினும் பணம் சென்ற இடமெல்லாம் நல்ல பராமரிப்பும் சென்றதென்று கூறுவதற்கில்லை. இல்லங்கள் பலவற்றில் பெருங் குறைபாடுகள் இருந்தமையை 1986 ஆம் ஆண்டில் வெளியான மருத்துவ நிறுவன அறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் பயனாக 1987 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 22 ஆந் திகதி சனாதிபதி றொனால்ட் றேகன் ஒப்பமிட்ட சட்டத்தில் இல்லங்களின் சீர்திருத்தமும் இடம்பெற்றது. இன்றுள்ள விதிகளுக்கு அதுவே அத்திவாரம்.

முதலாவது விதி, தேவையற்ற மருந்து எதனையும் கொடுத்தலாகாது என்பது. தேவையற்ற மருந்து எது? அளவுக்கு மிஞ்சியது; காலத்துக்கு மிஞ்சியது; தக்க காரணமின்றிக் கொடுக்கப்படுவது; கொடுத்தபின் அதன் விளைவு கவனிக்கப்படாதது; தீங்கு தோன்றிய பின்னரும் நிறுத்தப்படாதது. இவ்விதி முதியோருக்கு மிக இன்றியமையாதது. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் ஆற்றல் குறைகின்றது. ஆகவே இளைஞர் ஒருவரின் உடலினின்று விரைவில் வெளியேறும் மருந்து, முதியவரின் உடலில் நெடுநேரம் தங்கித் தலைச்சுற்றையும் மயக்கத்தையும் உண்டாக்கலாம். அதனால் அவர் இடறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளவுங் கூடும். இத்தகைய ஆபத்தை முன்னறிவதற்காக, மருந்தாளர் ஒருவர் மாதம் ஒரு முறையேனும் ஒவ்வொருவருடைய மருந்துகளையும் ஆராய்ந்து, குறை கண்டால் வைத்தியருக்கும் தாதியர் தலைவருக்கும் அறிவித்தல் வேண்டும்.

இரண்டாவது விதி பிழைகளைப் பற்றியது. வைத்தியர் எழுதியதற்கும் தாதி கொடுப்பதற்கும் இடையே வேறுபாடு இருப்பின் அது பிழை. பிழைகள் நூற்றுக்கு 5 என்னும் அளவை எட்டலாகாது. சோதனைக்கு வரும் அதிகாரிகள் குறைந்தது 25 தடவை மருந்து கொடுக்கப்படுவதை உடனிருந்து பார்ப்பர். அவற்றுள் ஒன்று தவறினால் நூற்றுக்கு 4; இரண்டு தவறினால் நூற்றுக்கு 8. இரண்டாவது பிழையுடன் இல்லம் விதியை மீறியதாகிவிடும்.

ஆனால் இக்கணக்கு மட்டும் போதுமா? நாள்தோறும் ஆயிரம் தடவை மருந்து கொடுக்கும் இல்லமொன்றில் நூற்றுக்கு 4 என்பது நாற்பது பிழைகளாகும். அவற்றுள் ஒன்று உயிருக்கு உலையாகலாம். ஆதலால், பாரதூரமான பிழை ஒன்றுகூட நிகழலாகாது என்று தனியாக விதித்திருக்கின்றனர். உணவுக்கு முன் இன்சுலின் ஊசி ஏற்றப்பட்ட ஒருவருக்கு உணவு வந்து சேரவில்லையென வைத்துக்கொள்வோம். குருதியிலுள்ள சர்க்கரை தாழ்ந்து அவர் உணர்விழக்கக்கூடும். விற்றமின் குளிகை ஒன்றை மறந்ததையும் இதனையும் ஒரே தராசில் நிறுக்கலாமோ? நோயாளரின் நிலை, மருந்தின் தன்மை, பிழை எத்தனை முறை நேர்ந்தது என்னும் மூன்றையும் சீர்தூக்கியே பிழையின் பாரம் அளக்கப்படுகின்றது.

குளிகையை விழுங்க இயலாதவருக்கு அதனைப் பொடியாக்கிக் கொடுப்பது இரக்கச் செயலாகவே தோன்றும். ஆயினும் நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரையுமாறு செய்யப்பட்ட குளிகையைப் பொடித்தால், ஒரு நாளைய மருந்து முழுவதும் ஒரே வேளையில் உடலிற் பாய்ந்துவிடும். எனவே மருந்தாளரைக் கேளாமல் எதனையும் பொடித்தலாகாது. மருந்து கொடுத்த பின்னரே ஏட்டில் ஒப்பமிடுதல் வேண்டும். முன்னரே ஒப்பமிட்டு வேறு வேலைக்குச் சென்றால், உண்ணாத மருந்தும் உண்டதாகிவிடும்.

மூன்றாவது விதியே இவையனைத்திலும் மேலானது. ஒருவரைத் தண்டிப்பதற்கோ, ஊழியரின் வசதிக்காக அடக்கிவைப்பதற்கோ மருந்தைப் பயன்படுத்தலாகாது. நம்மவர் அறளை பெயர்தல் என்று கூறும் முதுமை மறதிநோய் கண்டவர் இரவெல்லாம் நடப்பார், கூவுவார், கொடுத்த உணவைத் தட்டிவிடுவார். சித்தப்பிரமைக்குரிய மருந்தைக் கொடுத்து அவரை உறங்கச் செய்வது எளிது. அதன் விலை யாது? அவ்வகை மருந்துகளுட் புதியவற்றைப் பற்றிய 17 ஆய்வுகளை அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2005 ஆம் ஆண்டில் ஒருங்குநோக்கியது. ஏறத்தாழப் பத்து வாரங்கள் நடந்த ஆய்வொன்றில், மருந்து பெற்றோருள் நூற்றுக்குச் சுமார் 4.5 பேரும், வெற்றுக் குளிகை பெற்றோருள் சுமார் 2.6 பேரும் மாண்டனர் என்பது அது கண்ட கணக்கு. 2008 ஆம் ஆண்டில் பழைய மருந்துகளுக்கும் அவ்வெச்சரிக்கை விரிக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டு நவெம்பர் முதல், தேவைப்படும்போது கொடுக்கலாம் என்று எழுதப்படும் இத்தகைய மருந்தின் கட்டளை 14 நாட்களுடன் முடிவடைகின்றது. வைத்தியர் நோயாளரை நேரிற் பார்த்து ஆராய்ந்தாலன்றி அதனைப் புதுப்பித்தல் இயலாது.

இரவில் நடப்பவருக்கு வலி இருக்கலாம், பசி இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், தம் வீட்டைத் தேடுகின்ற ஏக்கமும் இருக்கலாம். காரணத்தைத் தேடுமாறு தாதியைத் தூண்டுவதே இவ்விதியின் உட்கருத்து.

இறுதியாக ஒன்று. தாம் பெறும் சிகிச்சை யாதென அறியவும், அதனை வேண்டாமென மறுக்கவும் அம்முதியவருக்கு உரிமையுண்டு. மறுப்பவரின் வாயில் மருந்தைத் திணித்தல் கூடாது. ஏன் மறுக்கின்றார் எனக் கேட்டறிந்து வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் முதியவர் ஒருவர் இருக்கலாம். இன்றிரவு அவருக்குக் குளிகையை நீட்டும்போது, இது எதற்குரியது, இன்னமும் வேண்டியதுதானா என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். விடை தெரியாவிடின் நீங்களாக நிறுத்திவிடாது வைத்தியரைக் கேளுங்கள். அவர் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு செல்லுங்கள்.