மொட்டை மாடியில் ஓர் அளவுக்கல்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கும் ஊரில் கொஞ்சம் நிலம் உண்டு. தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் அந்த நிலத்தை வருடத்துக்கு ஒருமுறைதான் போய்ப் பார்க்கிறோம். அதற்குள் வரப்பு ஒரு முழம் நகர்ந்திருக்கும். சர்வே கல் காணாமல் போயிருக்கும். "செல்போனில் ஜி.பி.எஸ். இருக்கிறதே, அதில் அளந்தால் என்ன?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். செல்போனில் அளக்க முடியாது. ஆனால் அதே செயற்கைக்கோள்களை வைத்து அங்குலக் கணக்கில் அளக்க வழி இருக்கிறது. அதற்கான கருவியை நாமே அமைத்துக்கொள்ளவும் முடியும்.

செல்போன் ஏன் போதாது?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கொண்டே தூரம் கணக்கிடப்படுகிறது. நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். வழியில் அயனி மண்டலமும் காற்று மண்டலமும் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகின்றன. திறந்த வெளியிலேயே செல்போன் சில மீட்டர் தவறாகக் காட்டுவது இதனால்தான். முப்பதுக்கு நாற்பது அடி மனையில் ஐந்து மீட்டர் தவறு என்றால் பாதி மனை போயிற்று!

படிக்கல் கணக்கு

மளிகைக் கடைத் தராசில் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? சரியான ஒரு கிலோ படிக்கல்லை வைத்துப் பார்ப்போம். 1,050 கிராம் காட்டினால் தராசின் தவறு 50 கிராம். அடிப்படை நிலையம் என்பது இப்படிப்பட்ட படிக்கல்தான். இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியில் ஒரு ஏற்பியை அசையாமல் நிறுத்துகிறோம். அது காணும் தவறும், அருகில் வயலில் நாம் கொண்டு நடக்கும் இன்னொரு ஏற்பியின் தவறும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே அதைக் கழித்துவிடலாம்.

இத்துடன் அலையின் நீளத்தையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். ஜி.பி.எஸ். முதல் அலைவரிசையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். அதன் சிறு பகுதியைக்கூட ஏற்பி அளந்துவிடும். இடையில் எத்தனை முழு அலைகள் என்பது உறுதியானால் 'ஃபிக்ஸ்' என்று காட்டும். 'ஃப்ளோட்' என்று காட்டும்போது எடுத்த அளவை நம்பக் கூடாது.

தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்தை அளப்பது ரயில்வேயில் தியோடோலைட் பிடித்த எங்களுக்குப் பழக்கமானது. 1802-ல் லாம்ப்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்ததும் இதே தத்துவத்தில்தான்.

என்னென்ன வேண்டும்?

யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் இசட்.இ.டி.-எஃப்9பி போன்ற இரட்டை அலைவரிசை ஏற்பிகள் இரண்டு, அவற்றுக்கு ஏற்ற ஆன்டெனாக்கள், முக்காலி, பதிவு செய்ய ராஸ்பெரி பை போன்ற சிறு கணிப்பொறி, பேட்டரி. பல லட்சம் ரூபாய் ஆகும் சர்வே கருவிகளோடு ஒப்பிட்டால் இதன் செலவு ஒரு சிறு பங்குதான். கணக்கிட, ஜப்பானியரான தகாசு எழுதிய 'ஆர்.டி.கே.லிப்' மென்பொருள் இலவசம்.

1. வானம் நன்கு தெரியும் மொட்டை மாடியில் ஆன்டெனாவை அசையாமல் பொருத்துங்கள். அடியில் ஓர் உலோகத் தகடு வைத்தால் தரையிலிருந்து எதிரொலித்து வரும் சமிக்ஞை குறையும். தண்ணீர்த் தொட்டியும் உயர்ந்த சுவரும் அருகில் வேண்டாம். இடி மின்னலின்போது கழற்றி விடுங்கள்.
2. ஒரு முழு நாள் பதிவு செய்து, கனடா அரசின் இலவசக் கணிப்புச் சேவைக்கு அனுப்பினால் நிலையத்தின் இடம் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் கிடைக்கும். தேதியையும் குறித்து வையுங்கள். நம் நாடு இருக்கும் நிலத்தட்டு வருடத்துக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது!
3. இரண்டாவது ஏற்பியை ஒவ்வொரு மூலையிலும் சில நிமிடங்கள் நிறுத்திப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிடலாம்.

நிலையம் நிலத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருப்பது நல்லது. மகர்பட்டா மாடியில் வைத்தது ஹடப்சர், மாஞ்சரி பக்கம் உதவும், தஞ்சாவூருக்கு உதவாது. ஆகவே இங்கே பழகிக்கொண்டு, விடுமுறையில் ஊருக்கு எடுத்துச் செல்லுங்கள். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், அங்கே சூரியன் மறைந்தபின் அயனி மண்டலக் குழப்பம் அதிகம். காலை வேளையே உகந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

15 பிப்ரவரி 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, இந்தியர்கள் இவ்வாறு அளக்க முன் அனுமதி தேவையில்லை. ஆனால் நாம் எடுக்கும் அளவு சட்டப்படியான எல்லை ஆகாது. எல்லைக் கல் நட வேண்டியவர் அரசு நில அளவரே. நம் அளவைப் புலப்படத்தின் பக்க அளவுகளோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுங்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அளப்பது உத்தமம். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

நாம் குடியிருக்கும் மகர்பட்டா நகரமே, நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் சுமார் 400 ஏக்கரை ஒன்று சேர்த்து, நிலத்தின் அளவுக்கேற்பப் பங்கு பெற்று உருவாக்கியது. அளவில் நம்பிக்கை இருந்ததால்தான் அவர்களால் ஒன்று சேர முடிந்தது. ஊரில் பங்காளிகளுக்குள்ளும் அந்த நம்பிக்கை வளர வேண்டும்.